நாக் ஆனவனை என்ன செய்வது?

வேதக்காரப் பிள்ளைகள், அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகள், போனில் துப்பாக்கி விளையாட்டு விளையாடலாமா என்று கேட்டால், தமிழ்நாடு-கேரள எல்லையில் எங்கள் களியக்காவிளைப் பக்கத்துச் சபைகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கூடாது. கன்வென்ஷன் மேடையில் சொல்வார்கள், உபவாச ஜெபத்தில் சொல்வார்கள், வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிகிற நாளில் பெற்றோரைக் கூட்டிவைத்தும் சொல்வார்கள். காரணமும் ஒன்றுதான். சுட்டுச் சுட்டுப் பழகுகிற பிள்ளை ஒரு நாள் கொலைகாரன் ஆகிவிடுவான். பிள்ளைகள் அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் ரப்பர் விளை ஓரத்தில் நாலு பேர் குனிந்து உட்கார்ந்து ஒரு மேட்ச் போடுவார்கள்.

நான் இந்த எல்லையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறவள். சபையில் முழு அங்கத்தினராகிற திடப்படுத்தலுக்குத் தயாராகிற வயதுப் பிள்ளைகள்தான் என் வகுப்பு. பாதிப் பேர் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், மீதிப் பேர் பாறசாலையில் மலையாள மீடியம். 1956 நவம்பர் 1இல் போட்ட கோடு அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பிரித்தது, விளையாட்டில் ஒன்றுசேர்கிற அணியை, அவர்கள் சொல்கிற ஸ்குவாடை, பிரிக்கவில்லை. "எடா, பின்னில் ஆளுண்டு" என்று ஒருவன் கத்துவான், "லே, ஸ்மோக் போடுலே" என்று இன்னொருவன் பதில் கொடுப்பான். என் மகனும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவன் அப்பாவுக்கு பெங்களூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி அப்பாவும் மகனும் பிஜிஎம்ஐ என்கிற துப்பாக்கி விளையாட்டில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். போனில் "சாப்பிட்டியா மக்களே, படிச்சியா" என்பதோடு முடிந்துபோகிற பேச்சு அங்கே ஒரு மணி நேரம் நீள்கிறது. ஆகவே இந்தக் கேள்வியை நான் தூரத்தில் நின்று பார்க்கவில்லை.

முதலில் அந்தக் கொலைகாரன் பேச்சை விட்டுவிட வேண்டும். அது உண்மை இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்தது. பிள்ளைகளின் நடத்தையை அவர்களிடம் மட்டும் கேட்காமல் வளர்ப்பவர்களிடமும் கேட்டார்கள். வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளையின் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: கத்துவது, தள்ளிவிடுவது மாதிரிச் சின்னச் சின்ன ஆத்திரங்களோடு கொஞ்சம் தொடர்பு உண்டு; நிஜ வன்முறைக்கு இந்த விளையாட்டுதான் காரணம் என்று சொல்லப் போதுமான சான்று இல்லை. பொய்யான காரணத்தைச் சொல்லிப் பிள்ளையை நல்வழிக்குக் கொண்டுவர முடியாது. தான் யாரையும் கொல்லப் போவதில்லை என்று அவனுக்கே தெரியும். நாம் சொன்னதில் ஒன்று தவறு என்று கண்டுகொண்டவன், நாம் சொல்கிற மெய்யையும் சேர்த்துத் தள்ளிவிடுவான்.

தடை வந்தபோதும் இப்படித்தான் ஏமாந்தோம். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலைச் சேர்த்து 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. ஜெபம் கேட்கப்பட்டது என்று எங்கள் பக்கம் ஸ்தோத்திரம் சொன்னவர்கள் பலர். ஆனால் அந்தத் தடை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி வந்தது. நாட்டின் பாதுகாப்பு, மக்களுடைய தரவு என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். ரத்தத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பையன்கள் ஃப்ரீ ஃபயர் என்கிற இன்னொரு துப்பாக்கி விளையாட்டுக்கு மாறினார்கள். 2021 ஜூலையில் அதே பப்ஜி, பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று திரும்பி வந்தது. ரத்தத்தைப் பச்சை நிறமாக்கியிருந்தார்கள். பச்சையாகிவிட்டால் பாவம் குறைந்துவிடுமா என்று வகுப்பில் ஒரு பெண்பிள்ளை கேட்டாள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. குறையாது, கூடவும் செய்யாது. நிறத்தில் காரியம் இல்லை.

சரி, காரியம் எதில் இருக்கிறது? அதைச் சொல்ல விளையாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் பார்த்தேன். நூறு பேர் வானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். வெறுங்கையோடு இறங்கி, வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் பொறுக்குகிறார்கள். சுற்றிலும் ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வட்டம் சுருங்கச் சுருங்க ஆட்கள் நெருங்குகிறார்கள். கடைசியில் ஒரு ஸ்குவாட் மட்டும் மிஞ்சுகிறது. இதில் குண்டு பட்டவன் உடனே சாவதில்லை. அவன் கூட்டாளி ஒருவன் உயிரோடு இருக்கும்வரை அவன் நாக் ஆகி விழுகிறான். கையாலும் முழங்காலாலும் தவழ்கிறான், உயிர்க்கோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கிறது. "நாக் ஆயிட்டேன்லே, ரிவைவ் குடு" என்று அலறுகிறான். அப்போது கூட்டாளி வர வேண்டும். புகைக்குண்டு வீசி, அந்தப் புகைக்குள் ஓடி வந்து, பக்கத்தில் குனிந்து, சில விநாடி எதுவும் செய்யாமல் அவனைத் தூக்கிவிட வேண்டும். அந்தச் சில விநாடியில் தூக்குகிறவனைச் சுடுவது மிகச் சுலபம். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் வருகிறான்.

நான் பார்த்துக்கொண்டிருந்த மேட்சில், ஜெயிக்கிற நிலையில் இருந்த ஒரு பையன் கூட்டாளியைத் தூக்கப் போய்த் தோற்றான். விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று கேட்டேன். "எப்படி டீச்சர் விட்டுட்டுப் போவ?" என்றான், கேள்வியே புரியாதவன் மாதிரி. சிநேகிதனுக்காகத் தன் ஜீவனைக் கொடுப்பதைப் பற்றி யோவான் 15இல் நான் எடுத்த பாடத்தை விட அந்தப் பதில் எனக்குத் தெளிவாக இருந்தது. இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் நான் கண்டது அதுதான்.

அதே விளையாட்டில் வேறொன்றும் கண்டேன். எதிர் ஸ்குவாடில் ஒருவன் நாக் ஆகித் தவழ்ந்துகொண்டிருக்கிறான். அவன் கூட்டாளிகள் தூரத்தில். அவனை உடனே முடிக்கலாம், அல்லது விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடிப் போகலாம். இந்தப் பையன்களோ அவனைச் சுற்றி நின்று, துப்பாக்கியை முதுகில் போட்டுவிட்டு, வெறுங்கையால் குத்திக் குத்திச் சிரித்தார்கள். ஒருவன் பக்கத்திலேயே தன் பொம்மையை நடனமாட வைத்தான். அதனால் புள்ளி எதுவும் கூடுவதில்லை. ஜெயிப்பதற்கும் அது தேவை இல்லை. கிடைக்கிறது ஒன்றே ஒன்று, அவன் தவழ்வதைப் பார்க்கிற சந்தோஷம்.

சங்கீதம் 11:5ஐ அன்று ராத்திரி திரும்பத் திரும்ப வாசித்தேன். "துன்மார்க்கனையும் கொடுமையில் பிரியமுள்ளவனையும் அவருடைய உள்ளம் வெறுக்கிறது." கொடுமையைப் பார்த்தவன் என்றோ, கொடுமையைப் பற்றிக் கதை கேட்டவன் என்றோ அங்கே இல்லை. பிரியம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் அது கேட்கிறது. கூட்டாளியைத் தூக்க ஓடிய பையனும், தவழ்கிறவனைச் சுற்றி நின்று சிரித்த பையனும் ஒரே விளையாட்டைத்தான் விளையாடினார்கள். உண்மையில், இரண்டுமே ஒரே பையன்தான்.

அடுத்த வகுப்பில் அலிப்பியுஸின் கதையைச் சொன்னேன். பழைய காலத்துச் சபைப் பிதா அகஸ்தீன், 'அறிக்கைகள்' என்ற தன் நூலின் ஆறாம் புத்தகத்தில் எழுதியிருக்கிற நண்பன் கதை. அலிப்பியுஸ் சட்டம் படிக்க ரோமுக்குப் போனவர், வாள்வீரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிற காட்சியை அருவருத்தவர். சிநேகிதர்கள் வலுக்கட்டாயமாக அரங்கத்துக்கு இழுத்துப் போனார்கள். உடம்பைத்தான் இழுக்க முடியும், மனதை முடியாது என்று சொல்லிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். காதை மூடவில்லை. ஒரு வீரன் விழுந்தபோது கூட்டம் மொத்தமும் ஆர்ப்பரித்தது. கண்ணைத் திறந்தார். விழுந்த வீரனின் உடம்பில் பட்ட காயத்தை விடக் கொடிய காயம் இவர் ஆத்துமாவில் பட்டது என்கிறார் அகஸ்தீன். அதன்பிறகு தானே போனார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனார்.

பாறசாலைப் பையன் ஒருவன் உடனே மறித்தான். "டீச்சர், அதுல உள்ளபடியே ஆளு செத்துது. இதுல ஆரு சாவுதா?"

நியாயமான மறுப்பு. இந்த விளையாட்டையும் ரோம அரங்கத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அங்கே பெற்றெடுத்த தாயின் பிள்ளை மண்ணில் விழுந்தான். அதை அவனிடம் ஒத்துக்கொண்டேன். ஆனால் அகஸ்தீன் அந்தப் பக்கத்தில் எழுதியது செத்தவனைப் பற்றி இல்லை. கல் படியில் உட்கார்ந்து யாரையும் தொடாமல் இருந்த ஒருவனுக்குள் நடந்ததைப் பற்றி எழுதினார். அந்தக் காயம் படுவதற்குத் தரையில் நிஜ ரத்தம்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பையன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளத் தேவையும் இல்லை, யோசித்தானே, அது போதும்.

வேதத்திலேயே எவ்வளவு வெட்டும் குத்தும் இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. யாகேல் என்ற பெண் கூடார முளையை எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் நெற்றியில் அடித்ததைச் சண்டே ஸ்கூலில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் வேதம் ரத்தத்தை எண்ணிக் கணக்கில் வைக்கிறது. தாவீது ஜெயித்த யுத்தம் எத்தனை! கடைசியில் கர்த்தர் சொன்னது, "நீ திரளான இரத்தத்தைச் சிந்தி, பெரிய யுத்தங்களைப் பண்ணினாய், நீ என் நாமத்திற்கு ஆலயத்தைக் கட்டவேண்டாம்." இரண்டாம் சாமுவேல் இரண்டாம் அதிகாரத்தில் சவுல் வீட்டுப் படைத்தலைவன் அப்னேரும் தாவீதின் படைத்தலைவன் யோவாபும் கிபியோன் குளத்தின் இரு கரையில் உட்கார்ந்துகொண்டு, வாலிபர் எழுந்து நமக்கு முன்பாக விளையாடட்டும் என்று பன்னிரண்டு பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டார்கள். இருபத்துநாலு பேரும் ஒருவர் தலையை ஒருவர் பிடித்து, விலாவில் குத்தி, ஒருமிக்க விழுந்தார்கள். சாயங்காலத்துக்குள் அப்னேர் பக்கம் மட்டும் 360 பேர் செத்திருந்தார்கள். பட்டயம் எப்போதும் இப்படித் தின்றுகொண்டே இருக்க வேண்டுமா என்று கடைசியில் கதறுகிறவன், விளையாட்டைத் தொடங்கிவைத்த அதே அப்னேர். யுத்தக் கதையைப் பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் விட என்னை அதிகம் உறுத்துவது மைக்.

ஹெட்போன் போட்டிருக்கும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். முகம் தெரியாத எவனோ ஒருவன், குரலை வைத்துப் பார்த்தால் பதின்மூன்று வயதுகூட இருக்காது, தன் ஸ்குவாடில் சரியாக விளையாடாத இன்னொரு பையனின் தாயைப் பற்றிப் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். பதிலுக்கு எங்கள் பிள்ளை ஒருவன் வாயைத் திறந்து, நான் அங்கே இருப்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டான். நான் இல்லாவிட்டால் என்ன வந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது.

மத்தேயு ஐந்தில் ஆண்டவர் கொலை செய்யாதிருப்பாயாக என்ற கட்டளையை எடுத்த கையோடு எங்கே போகிறார் என்று பாருங்கள். கோபத்துக்குப் போகிறார், அங்கிருந்து நேரே நாவுக்குப் போகிறார். "தன் சகோதரனை வீணனென்று சொல்லுகிறவன் ஆலோசனைச் சங்கத் தீர்ப்புக்கு ஏதுவாயிருப்பான்." பிஜிஎம்ஐயில் குண்டு பொய், சாவு பொய், தீவு பொய். அந்தச் சொல் மட்டும் பொய் இல்லை. நிஜமான ஒரு பையனின் வாயிலிருந்து புறப்பட்டு, திருச்சியிலோ திருச்சூரிலோ உட்கார்ந்திருக்கிற நிஜமான இன்னொரு பையனின் காதில் விழுகிறது. ஆறாம் கட்டளையை வைத்து இந்த விளையாட்டைக் கண்டிக்கிற நாம், ஆண்டவரே அந்தக் கட்டளைக்குக் கொடுத்த விளக்கத்தை விட்டுவிட்டுத் திரையில் தெரிகிற துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். மனுஷனுக்குள் போகிறது அவனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளிருந்து புறப்படுகிறதே தீட்டுப்படுத்தும் என்று மாற்கு ஏழில் இருக்கிறதை விளையாட்டுக்குச் சாதகமாகச் சொல்கிற வாலிபர்கள் உண்டு. நானும் அந்த வசனத்தை ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் மைக்கைக் கேட்கிறேன்.

நேரமும் அப்படித்தான், நிஜம். பணமும் நிஜம், துப்பாக்கிக்கு வர்ணம் பூச யூசி என்கிற விளையாட்டு நாணயம் வாங்குகிற காசு, ஒரு தாய் விடியற்காலம் ரப்பர் பால் வெட்டிக் கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இருக்கிறது. கேரள போலீஸ் டி-டாட் என்று இதற்காகவே மையங்கள் நடத்துகிறது. பிள்ளை அந்த அளவுக்குப் போய்விட்டால் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாமல் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்று எல்லாப் பெற்றோரையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

எங்கள் மண்ணில் வேதக்காரர்கள் எல்லாரும் அடிதடிக் கலையைப் பாவம் என்று ஒதுக்கியதில்லை. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் அடிமுறை சொல்லிக்கொடுத்த ஆசான்களில் வேதக்காரர்கள் உண்டு. 108 வர்மம், அதில் படுவர்மம் 12. தொட்டால் ஆள் விழுகிற இடங்கள். ஆனால் ஆசான் அதை யாருக்கும் உடனே காட்டிவிட மாட்டார். பையனின் கோபத்தை வருஷக்கணக்கில் பார்ப்பார். அடிக்கிற இடத்தைச் சொல்லிக்கொடுக்கிறவர், அடிபட்டவனை எழுப்புகிற இளக்குமுறையையும் சேர்த்தே கொடுப்பார். ஊரில் எலும்பு முறிந்தவன் போய் நிற்பதும் அதே ஆசானின் வாசலில்தான். போனில் இருக்கிற விளையாட்டுக்கு ஆசான் இல்லை. அதனால் வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்பாவோ அண்ணனோ மாமாவோ, யாராவது.

கிறிஸ்தவ விளையாட்டு ஒன்று செய்து கொடுத்துவிட்டால் போதும் என்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. 2006இல் அமெரிக்காவில் அப்படி ஒன்று வந்தது, லெஃப்ட் பிஹைண்ட்: இடர்னல் ஃபோர்சஸ் என்று. அதில் எதிரியைக் கொன்றால் ஆவிக்குரிய மதிப்பு குறையும். ஜெபிக்கிற கட்டளையைக் கொடுத்தால் மறுபடி ஏறும். கொன்றுவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடுகிற ஜெபம்! பிஜிஎம்ஐயின் நூறு பேர் சண்டையை விட இது பிள்ளையின் விசுவாசத்தை அதிகம் கெடுக்கும் என்று நினைக்கிறேன். 2020இல் பப்ஜியில் ஒரு சிலைத்தூணின் முன் கதாபாத்திரம் வணங்கினால் பலன் கிடைக்கிற மாதிரி ஒன்று வந்தபோது, அரபு நாட்டு முஸ்லிம்கள் எதிர்த்தார்கள், நிறுவனம் அதை நீக்கியது. முதலாம் கட்டளையைத் தினமும் சொல்கிற எங்கள் பக்கம் அதை யாரும் பேசி நான் கேட்கவில்லை. விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தானே பேச முடியும்.

போன வருஷம் பிள்ளைகளை காற்றாடிமலைக்குக் கூட்டிப் போனோம். நாங்கள் சி.எஸ்.ஐ., ஆனாலும் விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த தேவசகாயம் பிள்ளை எங்கள் ஊர் ஆள். நட்டாலம் எங்களுக்கு எட்டிப் பார்க்கிற தூரம். 1752 ஜனவரி 14இல் அந்த மலையில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் கத்தோலிக்க சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. "எந்த கன் டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். கூட வந்த பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எம்416, ஏகேஎம், ஏடபிள்யூஎம் என்று துப்பாக்கிகளைப் பேர் சொல்லி அறிந்தவன், தனக்குத் தெரிந்த இடத்திலிருந்து கேட்டான். நான் அவனுக்கு மீதிக் கதையைச் சொன்னேன். சுட்ட பிறகு உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போனார்கள். விசுவாசிகள் தேடிப் போய், மிஞ்சியிருந்த எலும்புகளை எடுத்து வந்து கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். பப்ஜியில் செத்தவன் என்ன ஆவான் என்று கேட்டேன். "பெட்டி ஆவான், அதுல லூட் எடுக்கலாம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, "இவரைத் தேடி ஆளு வந்துது, இல்லியா டீச்சர்" என்றான்.

என் வீட்டில் இப்போது இருக்கிற முறையைச் சொல்கிறேன். பிஜிஎம்ஐ உண்டு, ஹெட்போன் கிடையாது. அப்பாவோடு விளையாடுகிற சனிக்கிழமை ராத்திரிக்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை. ஞாயிறு காலை அவன் ஆராதனைக்கு எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஜிடிஏ 5 கிடையாது. கட்டிப்போட்ட ஒருவனை விளையாடுகிறவனே குறடு மாதிரிக் கருவிகளால் சித்திரவதை செய்ய வேண்டிய கட்டம் அதில் இருக்கிறது. கொடுமையைத் தவிர்த்துவிட்டு அந்தக் கட்டத்தை விளையாடுவதற்கு வழி இல்லை. அது கதைக்குத் தேவை என்று பெரியவர்களே வாதாடுகிறார்கள், நான் கேட்பதாக இல்லை.

வாலிபர் ஐக்கியத்தில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. சபை ஹாலில் பிஜிஎம்ஐ போட்டி வைத்தால் வெளியே நிற்கிற பையன்களும் வருவார்களாம். அமெரிக்காவில் பல சபைகள் 2007இலேயே ஹாலோ 3 என்கிற துப்பாக்கி விளையாட்டை வைத்து இதைச் செய்து பார்த்தன. 17 வயது ஆனவர்களுக்குத்தான் ஏற்றது என்று முத்திரை போட்ட விளையாட்டை, சபை கூப்பிட்டுக் கொடுத்தது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆலய வளாகத்துக்குப் பிள்ளையை வரவழைக்கத் தூண்டிலில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்றால், வந்தவனிடம் நாம் பிறகு என்ன பேச முடியும்? அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள், விளையாடுங்கள், மைக் ஸ்பீக்கரில் இருக்கும், நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னேன். போதகரையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்றார். ஏழெட்டுப் பேர் வருவார்கள் போலிருக்கிறது. எல்லா போனுக்கும் சார்ஜ் போட ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்க வேண்டும்.